சுத்தம் செய்த மின்முனைகளில் தங்கிய நோய்: ஒரு நிகழ்வு ஆய்வு

1974இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு பெண்ணின் மூளைக்குள் செலுத்தி எடுக்கப்பட்ட மின்முனைகள், சுத்தம் செய்யப்பட்டு, வேறு இரண்டு இளம் நோயாளிகளுக்குப் பயன்படுத்தப்பட்டன. பின்னர் அந்த இருவருக்கும் க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் வந்தது. வந்தால் யாரும் பிழைக்காத நோய் அது. மின்முனைகளை யாரும் தூக்கியெறியவில்லை. அதனால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவற்றையே ஒரு சிம்பன்ஸியிடம் வைத்துச் சோதிக்க முடிந்தது.

மனிதருக்கு வரும் பிரியான் நோய்கள் (தவறாக மடிந்த ஒரு மூளைப் புரதத்தால் வருபவை, க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் அவற்றில் ஒன்று) தொற்றுமா, எந்த வழியில் தொற்றும் என்று அறிய ஆய்வுக்கூட விலங்குகளிடம் நூற்றுக்கணக்கான சோதனைகள் நடந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பொதுவான கேள்விகளுக்கான சோதனைகள். இந்த ஒன்று, ஒரு மருத்துவமனை அறையில் எழுந்த குறிப்பான கேள்வியை அப்படியே விலங்கிடம் கொண்டுபோனது. தனியாக எடுத்து எழுதத் தகுந்தது என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுதான். நோயாளிகளின் அடையாளம் இங்கே தேவைப்படவில்லை.

அப்போது என்ன தெரிந்திருந்தது

க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வருகிறது. பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் தொடங்கும். மறதி, தள்ளாட்டம், தசைத் துடிப்பு என்று வேகமாக முற்றி, பலருக்குச் சில மாதங்களிலேயே உயிரை எடுத்துவிடும். இறந்தவரின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் பஞ்சுபோல் பொத்தல் பொத்தலாக இருக்கும். வெகுகாலம் இதை முதுமையோடு வரும் நரம்புச் சிதைவுகளில் ஒன்றாகத்தான் எண்ணினார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்று எண்ணக் காரணமே இருக்கவில்லை.

அந்த எண்ணத்தை மாற்றியது விலங்குச் சோதனைதான். பப்புவா நியூ கினியின் கிழக்கு மலைப்பகுதியில் ஃபோரே மக்களிடையே பரவிய குரு நோயை 1957இல் கார்ல்டன் கஜ்டுசெக்கும் வின்சென்ட் ஜிகாஸும் மருத்துவ உலகுக்கு விவரித்தார்கள். குருவில் மூளை சிதையும் விதம் க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயை ஒத்திருப்பதை நோயியலாளர் இகோர் கிளாட்சோ கவனித்தார். 1959இல் வில்லியம் ஹாட்லோ என்ற கால்நடை நோயியலாளர் லண்டனில் குரு பற்றிய ஒரு கண்காட்சியைப் பார்த்தார். ஆடுகளுக்கு வரும் ஸ்க்ரேப்பி நோயின் மூளைப் படங்கள் அவருக்கு நன்றாகப் பழகியவை. இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஸ்க்ரேப்பி ஓர் ஆட்டிலிருந்து இன்னோர் ஆட்டுக்குப் பரவும் என்று பிரான்சில் 1936இலேயே காட்டியிருந்தார்கள். அப்படியானால் குருவையும் குரங்கினத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும், பல மாதங்கள் காத்திருக்கவும் வேண்டும் என்று ஹாட்லோ எழுதினார்.

1963இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் குருவால் இறந்தவர்களின் மூளைத் திசுவைச் சிம்பன்ஸிகளுக்குச் செலுத்தினார்கள். 1965இல் அவை தள்ளாடத் தொடங்கின. கஜ்டுசெக், கிளாரன்ஸ் கிப்ஸ், மைக்கேல் ஆல்ப்பர்ஸ் மூவரும் 1966இல் முடிவை வெளியிட்டார்கள். 1968இல் க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயும் சிம்பன்ஸிக்குப் பரவியது என்ற அறிக்கை வந்தது. நோயை உண்டாக்குவது எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ‘மெதுவான வைரஸ்’ என்று அழைத்தார்கள். நோய்க்காரணி ஒரு புரதமே என்ற பிரியான் விளக்கத்தை ஸ்டான்லி புருசினர் முன்வைத்தது 1982இல். இயல்பான மூளைப் புரதம் ஒன்று தவறாக மடிந்து, பக்கத்திலுள்ள அதே புரதங்களையும் தவறாக மடியவைக்கிறது என்பது அதன்பின் தெளிவானது.

கால்நடை மருத்துவத்தில் வேறொரு செய்தியும் அதற்கு வெகுமுன்பே பதிவாகியிருந்தது. 1930களில் ஸ்காட்லாந்தில் ஆடுகளுக்கான ஒரு தடுப்பூசியை ஆட்டின் மூளை, தண்டுவடத் திசுக்களிலிருந்து தயாரித்தார்கள். ஃபார்மலின் கலந்துவிட்டால் உள்ளே இருக்கும் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை. 18,000 டோஸ் கொண்ட ஒரு தொகுதியில் ஸ்க்ரேப்பி உயிரோடு இருந்திருக்கிறது. ஊசி போட்ட ஆடுகளில் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நோய் கிளம்பியது. ஃபார்மலின் இந்த நோய்க்காரணியைக் கொல்லாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. 1946இல் அது அச்சிலும் வந்துவிட்டது. அறுவை அரங்கில் கருவிகளைச் சுத்தம் செய்பவர்களின் கைக்கு அந்தத் தகவல் எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வியை யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. எனக்கு இந்த நிகழ்வு முழுவதிலும் மிகவும் உறுத்துவது இதுதான்.

1974: சூரிக்

முற்றிக்கொண்டே போன மறதிநோயோடு ஒரு பெண் மருத்துவமனைக்கு வந்தார். அவருடைய மூளைப் புறணியின் (மூளையின் வெளியடுக்கின்) மின்செயல்பாட்டை உள்ளிருந்தே பதிவு செய்ய மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். மண்டையோட்டில் துளையிட்டு, முப்பரிமாணக் கணக்கின்படி குறித்த இடத்துக்கு மெல்லிய மின்முனைகளைச் செலுத்துவது அதற்கான முறை. ஒவ்வொரு மின்முனையிலும் பல தொடுபுள்ளிகள் இருக்கும்.

தலைத்தோலின் மேல் ஒட்டி எடுக்கும் சாதாரண ஈ.இ.ஜி. பரிசோதனையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் மூளைத் திசுவோடு தொடர்பே கிடையாது. இங்கே பேசுவது மூளைக்குள் போய், அங்கேயே இருந்து, திசுவோடு உரசி வெளியே வந்த மின்முனைகளைப் பற்றி.

அந்தக் காலத்தில் இத்தகைய மின்முனைகளை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் வழக்கம் இல்லை. நுட்பமான கருவிகள், கடும் வெப்பத்தில் கெட்டுப்போகக்கூடியவை. எனவே பென்சீனால் துடைத்து, 70% ஆல்கஹாலிலும் ஃபார்மால்டிஹைடு ஆவியிலும் கிருமி நீக்கம் செய்து மீண்டும் பயன்படுத்தினார்கள். பாக்டீரியாவுக்கும் பெரும்பாலான வைரஸ்களுக்கும் இது போதும். அலட்சியமாக வேலை பார்த்தார்கள் என்று இதைச் சொல்லிவிட முடியாது. அன்றைய நெறிமுறைக்குள் ஒழுங்காகச் செய்த வேலைதான்.

அதன்பின் அந்த மின்முனைகள் வலிப்பு நோய்க்கு ஆளான இரண்டு இளையோருக்குப் பயன்பட்டன. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு மூளையில் எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடித்தால் அறுவைசிகிச்சையால் நிறுத்த முடியுமா என்று பார்க்கலாம். அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

இரண்டு இளையோர், ஒரே நோய்

ஒருவருக்கு 16 மாதங்கள் கழித்தும் மற்றவருக்கு 20 மாதங்கள் கழித்தும் புதிய அறிகுறிகள் தொடங்கின. பழைய வலிப்போடு இவற்றுக்குத் தொடர்பில்லை. திசுப் பரிசோதனை க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயைக் காட்டியது. முதலில் மின்முனை செலுத்தப்பட்ட பெண்ணுக்கும் அதே நோய்தான் என்று உறுதியானது.

இந்த வயதில் இந்த நோய் வருவதே மிக அரிது. ஒரே மருத்துவமனையில், ஒரே வகைச் சிகிச்சைக்கு வந்த இருவருக்கு, சில மாத இடைவெளியில் வருவது தற்செயலாக இருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். இருவரையும் இணைப்பது எது என்று தேடினால் மின்முனைகளில்தான் போய் நிற்கும். 1977 பிப்ரவரியில் சூரிக் மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். குரு பற்றிய ஆய்வுக்காகக் கஜ்டுசெக்குக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன.

அவர்கள் செய்த இரண்டு காரியங்களை நான் மதிக்கிறேன். முதலாவது, மறைக்காமல் எழுதியது. தங்கள் கையால் நடந்த சிகிச்சையே இரண்டு இளையோரின் சாவுக்குக் காரணம் என்பதை மருத்துவ இதழில் பெயரோடு எழுத மனத்திடம் வேண்டும். இரண்டாவது, மின்முனைகளை வைத்திருந்தது. ஆபத்தான பொருள் என்று தெரிந்தவுடன் அதை எரித்துவிடத்தான் கை போகும். எரித்திருந்தால் இந்தக் கதை ஒரு பலமான சந்தேகமாகவே நின்றிருக்கும்.

சந்தேகத்திலிருந்து சோதனைக்கு

சந்தேகம் இவ்வளவு பலமாக இருக்கும்போது ஒரு விலங்கைப் பலி கொடுத்து எதை நிறுவ வேண்டும் என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

தொற்று மின்முனை வழியாக வந்தது என்பதை ஏற்றுக்கொண்டாலும் ஒன்று தெளிவாகவில்லை. அந்தக் குறிப்பிட்ட இரண்டு முறை மட்டும் சுத்திகரிப்பு எங்கோ தவறியதா? அல்லது ஆல்கஹாலும் ஃபார்மால்டிஹைடு ஆவியும் எத்தனை முறை கொடுத்தாலும் இந்த நோய்க்காரணியைத் தொடுவதே இல்லையா? முதலாவது என்றால் ஊழியர்களுக்கு நல்ல பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும். இரண்டாவது என்றால் உலகெங்கும் நரம்பியல் அறுவை அரங்குகளில் நடக்கும் வழக்கமான சுத்திகரிப்பே போதாது. இரண்டுக்கும் எடுக்க வேண்டிய நடவடிக்கைகள் முற்றிலும் வேறு.

மின்முனைகள் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கிப்ஸ், கஜ்டுசெக் குழுவினரிடம் போய்ச் சேர்ந்தன. அங்கே அதற்குள் ஒரு நிலையான முறை உருவாகியிருந்தது. நோயாளியின் மூளைத் திசுவை அரைத்துக் கரைசலாக்கி, அதில் சிறிதளவை விலங்கின் மூளைக்குள் ஊசியால் செலுத்துவார்கள். அப்புறம் ஆண்டுக்கணக்கில் கவனிப்பார்கள். இங்கே அந்த முறையைப் பின்பற்றவில்லை. மின்முனையைச் சுரண்டிக் கரைசல் எடுத்து ஊசி போட்டிருந்தால், ‘சுரண்டினால்தானே வருகிறது, சாதாரணமாக ஒட்டிக்கொண்டு இருப்பது நோயாளிக்குப் போகாதே’ என்று வாதிட இடம் கிடைத்திருக்கும். அவர்கள் அந்த மின்முனைகளையே சிம்பன்ஸியின் மூளைப் புறணியில் பொருத்தினார்கள். இரண்டு இளையோருக்கும் நடந்தது எதுவோ அதுவே அந்த விலங்குக்கும் நடந்தது.

ஏன் சிம்பன்ஸி? மனிதரின் பிரியான் நோய் சாதாரண எலிகளுக்கு ஒழுங்காகப் பரவாது. ஓர் இனத்தின் பிரியான் இன்னோர் இனத்தின் புரதத்தைத் தவறாக மடியவைப்பது இரண்டு புரதங்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைப் பெரிதும் பொறுத்தது. எலியிடம் நோய் வரவில்லை என்றால் மின்முனை சுத்தமாக இருக்கிறது என்றும் கொள்ளலாம், எலிக்கு அந்த நோய் ஏறவில்லை என்றும் கொள்ளலாம். அப்படிப்பட்ட பதிலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அன்றைய நிலையில் ‘இல்லை’ என்ற பதிலுக்கும் ஓரளவு மதிப்பு இருக்க வேண்டுமானால் மனிதருக்கு மிக நெருங்கிய விலங்கு தேவைப்பட்டது.

சோதனையும் முடிவும்

மனிதரிடம் கடைசியாகப் பயன்படுத்தி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் அந்த மின்முனைகளை மூன்று முறை சுத்தம் செய்திருந்தார்கள். ஆல்கஹாலிலும் ஃபார்மால்டிஹைடு ஆவியிலும் திரும்பத் திரும்பக் கிருமி நீக்கமும் நடந்திருந்தது. சாதாரண அறிவுக்கு அவற்றில் எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது.

பொருத்திய 18 மாதங்களில் சிம்பன்ஸி நோயுற்றது. க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய்தான்.

மனிதர் இருவருக்கும் நோய் அரும்ப எடுத்த காலம் 16, 20 மாதங்கள். சிம்பன்ஸிக்கு 18. இரண்டுக்கும் நடுவே அழகாக வந்து உட்காரும் இந்த எண் கண்ணை ஈர்க்கும். ஆனால் அதில் அதிகமாக எதையும் படிக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒரே கரைசலைச் செலுத்திய விலங்குகளிடமே நோய் அரும்பும் காலம் வெகுவாக வேறுபட்டதை அதே ஆய்வுக்கூடம் பதிவு செய்திருக்கிறது. எண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது வேறொன்று: நோய்க்காரணி நேராக மூளைக்குள் போனால் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளாமல் மாதக்கணக்கில் முடிகிறது. மனிதப் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி இயக்குநீர் ஊசியால் இதே நோய் வந்தவர்களுக்குச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அது உடலின் வேறிடத்தில் போட்ட ஊசி. நுழையும் வழி காலத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முடிவு எதுவரை பேசுகிறது

ஒரே ஒரு விலங்கு. பக்கத்தில் சுத்தமான புதிய மின்முனை பொருத்திய இன்னொரு சிம்பன்ஸி வெளியான சுருக்கத்தில் இல்லை. வேறு எந்தச் சோதனையாக இருந்தாலும் இதை ஒரு குறையாகச் சொல்லி ஒதுக்கிவிடலாம். இங்கே அந்தக் குறை பெரிதாகப் பாதிக்கவில்லை. மின்முனை பொருத்துவதால் மட்டும் ஒரு சிம்பன்ஸிக்கு மூளை பஞ்சாகாது. மனிதரிடம் நடந்தது முன்னாலேயே நம்மிடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் சான்றாகின்றன.

ஆனால் இந்தச் சோதனை ‘எவ்வளவு’ என்பதற்குப் பதில் சொல்லாது. மின்முனையில் நோய்க்காரணி மிச்சம் இருந்தது என்பது மட்டும் தெரிகிறது. சுத்திகரிப்பு அதில் பாதியை எடுத்ததா, நூறில் தொண்ணூற்றொன்பது பங்கை எடுத்ததா, ஒன்றையுமே எடுக்கவில்லையா என்பது தெரியாது. இது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே நிறுவனத்தின் முப்பது ஆண்டு அனுபவத்தைத் தொகுத்த 1994ஆம் ஆண்டுக் கட்டுரை, நோயுற்ற மனித மூளையில் ஒரு கிராமுக்குச் சராசரியாக ஏறக்குறைய ஒரு லட்சம் தொற்றலகுகள் இருந்ததாகச் சொல்கிறது. ஓர் அலகு என்பது சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு. அப்படியானால் ஒரு மில்லிகிராம் திசுவில் சுமார் நூறு அலகு. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமாக ஒரு மில்லிகிராம் ஒட்டியிருந்து, அதில் நூறில் தொண்ணூற்றொன்பது பங்கை நீக்கினால்கூட மிஞ்சுவது ஓர் அலகு. மூளைக்குள் நேராகப் போகும் கருவிக்கு அதுவே அதிகம்.

ஃபார்மால்டிஹைடு பற்றி இன்னொரு விஷயம். அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடும். திசுவைக் கெடாமல் வைக்க நோயியலில் அதைப் பயன்படுத்துவதே அந்தக் குணத்துக்காகத்தான். வைரஸை முடக்கும் அதே குணம், ஏற்கெனவே உறுதியாக மடிந்திருக்கும் ஒரு புரதத்தை உலோகப் பரப்பில் மேலும் நன்றாக ஒட்டவைத்துவிடுகிறது. சுத்திகரிப்பு என்று நினைத்துச் செய்த ஒன்று நோய்க்காரணிக்குக் காப்பாகவே அமைந்திருக்கலாம்.

அதன்பின் நடந்தவை

சிம்பன்ஸி சோதனையின் முழு அறிக்கை 1994இல்தான் வெளிவந்தது. சூரிக் மருத்துவர்களின் கட்டுரைக்கும் அதற்கும் இடையில் பதினேழு ஆண்டுகள். துறைக்குள் செய்தி முன்பே பரவியிருந்தாலும், ஓர் அறுவை அரங்கின் பொறுப்பாளர் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஆவணமாக அது இருக்கவில்லை.

முன்பு சொன்ன முப்பது ஆண்டுத் தொகுப்பும் அதே 1994இல்தான் வந்தது. நரம்பு மண்டல நோய்கள் கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் திசுக்களைக் குரங்கினங்களுக்குச் செலுத்தியதில் 300 பேரின் நோய் பரவியிருந்தது. சிகிச்சையால் தொற்றியவர்களின் திசு ஒன்றுவிடாமல் அனைத்தும் பரவியது. குரு 95%, காரணம் தெரியாமல் தானாக வரும் வகை 90%, பரம்பரையாக வருவது 68%. மூளைக்கு வெளியே நோய்க்காரணி ஒழுங்கற்றும் மிகக் குறைவாகவும்தான் கிடைத்தது. உடல் கழிவுகளிலும் சுரப்புகளிலும், மூளைத்தண்டுவட நீரைத் தவிர, கிடைக்கவே இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கு இது பெரிய ஆறுதல் தரும் செய்தி. தொட்டால், கூடவே இருந்தால், துணி துவைத்தால் தொற்றுமோ என்று பயப்பட வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த விலங்குகள்தான் அடிப்படை.

‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு வழி திறந்தது அதே சூரிக் நகரில். 1999இல் சார்லஸ் வைஸ்மன் குழுவினர் மெல்லிய எஃகுக் கம்பிகளை ஸ்க்ரேப்பி நோயுற்ற எலி மூளைக் கரைசலில் நனைத்து, நன்றாகக் கழுவி, வேறு எலிகளின் மூளைக்குள் செருகினார்கள். அவை நோயுற்றன. ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்த கம்பிகளும் நோயைக் கொடுத்தன. பின்னர் நடந்த சோதனைகளில், நோயுற்ற மூளையோடு சில நிமிடத் தொடர்பே கம்பிக்குப் போதும் என்று தெரிந்தது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் அந்தத் தொற்றை நீக்கியது. ஒரு சிம்பன்ஸி ‘ஆம்’ என்று சொன்னதை, இந்தக் கம்பிகள் வேதிப்பொருள் வாரியாக அளந்து ஒப்பிடும் கருவியாக மாற்றின.

அதே 1999இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டுதல்களில் எரித்துவிடுவதே முதன்மை வழி. எரிக்க முடியாத, வெப்பம் தாங்கும் கருவிகளுக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது 20,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20,000 பங்கு) குளோரின் கொண்ட ஹைப்போகுளோரைட்டு, அதோடு உயர் வெப்ப ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலன்) என்று சொல்கிறது. 134 டிகிரி செல்சியஸில் 18 நிமிடம் என்பது அதில் வரும் ஓர் அளவு. ஆல்கஹாலும் ஃபார்மால்டிஹைடும் பயனற்றவை என்ற வரிசையில் இருக்கின்றன.

சிகிச்சையால் வந்த க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் பற்றி 2012இல் வெளியான தொகுப்பில் உலகெங்கும் 469 பேர் கணக்கில் வந்தார்கள். மூளையுறைத் திசு ஒட்டால் 228 பேர், வளர்ச்சி இயக்குநீரால் 226 பேர். அறுவைக் கருவிகளால் நான்கு பேர். மூளைக்குள் செலுத்திய மின்முனைகளால் இரண்டே பேர், சூரிக்கின் அந்த இருவர். எண்ணிக்கையில் சிறியதாகத் தெரிந்தாலும், கருவிகளைப் பற்றிய எச்சரிக்கையில் இவர்களுக்கு முக்கிய இடம் உண்டு.

இன்று இதே சூழல் வந்தால்

முதல் மாற்றம் நோயறிதலில். வேகமாக முற்றும் மறதிநோயோடு ஒருவர் வந்தால், மூளைக்குள் எந்தக் கருவியும் போவதற்கு முன் பிரியான் நோயா என்று கேட்க வேண்டும். எம்.ஆர்.ஐ. இருக்கிறது. மூளைத்தண்டுவட நீரில் மிகச் சிறிய அளவு பிரியானையும் ஆய்வுக்கூடக் குழாயிலேயே பெருக்கிக் காட்டும் பரிசோதனை 2011 முதல் வந்துவிட்டது. 1974இல் இவை எதுவுமே கிடையாது. அதனால் அன்றைய மருத்துவர்கள் மின்முனையை நாடியதைக் குறை சொல்ல முடியாது. இன்று அதே முடிவை எடுப்பவரைக் கேட்கலாம்.

இரண்டாவது, கருவியின் வரலாறு. எந்தக் கருவி எந்த நோயாளிக்குப் போனது என்ற பதிவு இல்லாவிட்டால், நோய் உறுதியாகும் நாளில் அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பிரியான் சந்தேகம் உள்ள ஒருவரின் மூளையைத் தொட்ட கருவிகளை, நோயறிதல் முடியும்வரை தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். திசு அதன்மேல் காய்ந்துவிடவும் விடக் கூடாது. காய்ந்த படலத்தை நீக்குவது மிகவும் கடினம்.

மூன்றாவது, விலங்கு. அந்தச் சிம்பன்ஸி சோதனையை இன்று செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2015இல் சிம்பன்ஸிகளிடம் ஊடுருவும் ஆய்வுகளுக்கான ஆதரவை முற்றிலும் நிறுத்திவிட்டது. மனிதப் பிரியான் புரதத்தின் மரபணுவை ஏற்றிய எலிகள் 1990களிலிருந்தே இருக்கின்றன. ஓர் இனத்தின் நோய் இன்னோர் இனத்துக்கு எளிதில் ஏறாத இனத்தடை என்ற பழைய சிக்கல் அவற்றில் பெருமளவு குறைந்துவிட்டது. பொருளையே விலங்கிடம் வைத்துப் பார்ப்பது என்ற அந்தச் சோதனையின் மையக் கருத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. அரைத்த கரைசலில் வேலை செய்யும் ஒரு கிருமிநீக்கி, உலோகத்தில் காய்ந்து ஒட்டியதில் வேலை செய்யாமல் போகலாம். புதிதாக ஒரு கிருமிநீக்கியை ஏற்கும் முன், அதே உலோகத்தில், அதே அளவு காய்ந்த திசுவோடு சோதித்தார்களா என்று கேட்பது மருத்துவமனையின் உரிமை.

நான்காவது, சொல்வது. கருவி சந்தேகத்துக்குள்ளானது என்று தெரிந்தபின், அதே கருவியால் சிகிச்சை பெற்றவர்களிடம் சொல்ல வேண்டுமா? நோய்க்கு மருந்து இல்லை, உறுதியாக வரும் என்றும் சொல்ல முடியாது. சொன்னால் பல ஆண்டுகள் பயத்தோடு வாழ வேண்டியிருக்கும். சொல்லாமல் விட்டால் அவர் இரத்ததானம் செய்யலாம், இன்னொரு மூளை அறுவைக்குப் போகலாம், தொற்றின் தொடர்ச்சி அறுபடாது. சொல்ல வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் கடிதத்தில் ஒரு வரியாக அனுப்பக் கூடாது. நோயைப் புரிந்த மருத்துவர் ஒருவர் நேரில் உட்கார்ந்து, எது தெரியும், வாய்ப்பு எவ்வளவு குறைவு, வீட்டாருக்கு ஏன் தொற்றாது, இனி எதை மட்டும் தவிர்க்க வேண்டும் என்று விளக்கி, கேள்வி வரும்போதெல்லாம் அழைக்க ஒரு தொடர்பு எண்ணையும் கொடுத்துவிட்டு வர வேண்டும்.